அவள் உடம்பு, அவர் கணக்கு

என் தங்கை மீது அவள் கணவர் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. குரலை உயர்த்துவதுகூட அபூர்வம். ஆனால் அவளுடைய மாதவிடாய்த் தேதிகள் அவர் போனில் இருந்தன. கருத்தடை மாத்திரை அட்டையை எடுத்து எத்தனை மிச்சம் என்று எண்ணுவார். பிறகு அந்த அட்டையே அவ்வப்போது காணாமல் போக ஆரம்பித்தது. ஆணுறை போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் நடுவில் கழற்றிவிடுவார். மருத்துவரிடம் போனால் கூடவே வந்து உட்கார்ந்து, அவளிடம் கேட்ட கேள்விக்கு இவரே பதில் சொல்வார். அவள் தயங்கினால், "நம்ம குழந்தைக்கு ஆசைப்படறது ஒரு தப்பா?" என்று வருத்தமாகக் கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்கு வெகுகாலம் தெரியவில்லை.

"எழுது அக்கா" என்று அவளே சொன்னதால்தான் எழுதுகிறேன். அவள் படித்துப் பார்த்து, இருக்கட்டும் என்று விட்ட பகுதிகள் மட்டுமே இங்கே உள்ளன. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். இப்படி ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா, அம்மா, அண்ணன், தோழி ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எனக்குச் சொல்ல இருப்பது அடிப்படையில் ஒன்றுதான். அவளிடமிருந்து பறிபோனது முடிவெடுக்கும் உரிமை. நாம் செய்யும் உதவி அதை அவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். கணவர் கையிலிருந்து பிடுங்கி நம் கையில் வைத்துக்கொண்டால், அவளுக்குக் கிடைப்பது இன்னொரு எஜமான்தான்.

மருத்துவ உலகம் இதற்கு இனப்பெருக்கக் கட்டாயம் (reproductive coercion) என்று பெயரிட்டு, தனியாக ஆராயத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. 2010-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் எலிசபெத் மில்லரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வடக்கு கலிபோர்னியாவில் 5 குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவ மையங்களுக்கு வந்த, 16 முதல் 29 வயதுக்குட்பட்ட 1,278 பெண்களிடம் கேட்டிருந்தார்கள். கர்ப்பமாகச் சொல்லித் துணைவர் வற்புறுத்தியதாக 19 சதவீதம் பேர் சொன்னார்கள். கருத்தடையைத் துணைவர் கெடுத்ததாகச் சொன்னவர்கள் 15 சதவீதம். 2013-இல் அமெரிக்க மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவர்களின் அமைப்பு, வழக்கமான பரிசோதனையின்போதே இதைப் பற்றிப் பெண்களிடம் கேட்கும்படி மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது.

மாத்திரையை ஒளிப்பது, ஆணுறையில் ஓட்டை போடுவது, கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி-யின் நூலைப் பிடித்து இழுத்து எடுக்கப் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். "குழந்தை பெத்துக்கலைன்னா வேற ஒருத்தியைப் பார்த்துக்கறேன்" என்று மிரட்டுவதும் இதுதான். நேர் எதிர்த்திசையிலும் நடக்கும். அவள் விரும்பிச் சுமக்கும் கருவைக் கலைக்கச் சொல்வது, ஒரு குழந்தை போதும் என்று அவளுக்கு விருப்பமில்லாத அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்குவது என்று. சில வீடுகளில் இதைச் செய்வது கணவர் மட்டுமல்ல, வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்துதான். ஆண்களுக்கும் இது நேர்கிறது. அமெரிக்காவில் 2010-இல் அரசு நடத்திய ஒரு தேசியக் கணக்கெடுப்பில், துணைவர் தன் விருப்பத்துக்கு மாறாகக் கர்ப்பமாக்க முயன்றார் அல்லது ஆணுறை அணிய மறுத்தார் என்று சொன்ன பெண்கள் 8.6 சதவீதம். துணைவி தன் விருப்பத்துக்கு மாறாகக் கர்ப்பமாக முயன்றார் அல்லது கருத்தடையைத் தடுத்தார் என்று சொன்ன ஆண்கள் 10.4 சதவீதம். கர்ப்பத்தைச் சுமக்கும் உடம்பு பெண்ணுடையது என்பதால் விளைவு அவளுக்கு வேறு மாதிரி இறங்குகிறது. அதனால் அவளைப் பற்றியே பேசுகிறேன்.

இங்கே ஒரு கேள்வி வரும். கணவன் மனைவிக்குள் குழந்தை விஷயத்தில் கருத்து வேறுபாடு வருவது சகஜம்தானே? சகஜம்தான். ஒருவர் ஏங்குவார், ஒருவர் தயங்குவார், இரண்டு பேரும் அழுவார்கள், சண்டைகூடப் போடுவார்கள். அதில் குற்றம் எதுவும் இல்லை. அவள் "வேண்டாம்" என்று சொன்ன பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த வேண்டாமுக்கு மதிப்பு இருக்கிறதா, அல்லது அவளுக்குத் தெரியாமல் அதைத் தாண்டிப் போகிறார்களா? சொன்னதற்காக அவளுக்கு ஏதாவது தண்டனை கிடைக்கிறதா? பேசாமல் இருப்பது, செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, படுக்கையில் வற்புறுத்துவது எல்லாம் தண்டனைதான். என் தங்கை இரண்டு பிள்ளைகள் வேண்டும் என்று ஆசைப்பட்டவள். கொஞ்சம் பொறுக்கலாம், வேலையில் கால் ஊன்றிக்கொள்கிறேன் என்றுதான் கேட்டாள். அவர் அதற்கு வாதம் எதுவும் செய்யவில்லை. மாத்திரையை எடுத்துக் குப்பையில் போட்டார்.

வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இதில் எதுவுமே நேரடியாகத் தெரியாது. ஓரங்கள்தான் தெரியும். அவள் போனில் பேசும்போது பின்னால் யாரோ இருப்பது போல் வார்த்தைகளை அளந்து பேசினாள். "நாள் தள்ளிப்போயிருக்கு" என்று திரும்பத் திரும்பப் பயந்தாள். மாத்திரை சாப்பிடுகிறவள் ஏன் இத்தனை முறை பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. மருத்துவரைத் தனியாகப் போய்ப் பார் என்றால் பேச்சை மாற்றினாள். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம். ஆனால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தால், மெதுவாகக் கேட்டுப் பார்க்கலாம்.

எப்படிக் கேட்பது என்பதற்கு எனக்கு மிகவும் உதவியது அமெரிக்கக் குடும்பக் கட்டுப்பாட்டு மையங்களில் உருவான ஒரு பழக்கம். வருகிற பெண்களில் யாரையும் குறிவைத்துக் கேட்காமல், எல்லோரிடமும் இதைப் பற்றிப் பேசி, பர்ஸில் மறைத்து வைக்கக்கூடிய சிறு அட்டை ஒன்றைத் தருவார்கள். அதில் உறவைப் பற்றிய சில கேள்விகளும் உதவி எண்களும் இருக்கும். "உங்களுக்கு ஒன்று, தோழிக்கு ஒன்று" என்று இரண்டாகவும் தருவதுண்டு. தனக்கு நடக்கிறது என்று ஒப்புக்கொள்ளாமலே அவள் அதை வாங்கிக்கொண்டு போகலாம். இந்த யோசனையை நான் எடுத்துக்கொண்டேன். நேராக "அவர் உன்னை வற்புறுத்துகிறாரா?" என்று கேட்கவில்லை. இப்படிச் சில வீடுகளில் நடக்கிறதாம், மாத்திரையைக்கூட ஒளித்து வைப்பார்களாம், படித்தேன் என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அதுக்குப் பேர் எல்லாம் இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு கேட்ட கேள்விகளும் எளிமையானவைதான். குழந்தை எப்போது என்பதை உங்கள் வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள்? நீ வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும்? உனக்குப் பயமாக இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவள் முதலில் இல்லை என்றாள். பிறகு, அடிப்பார் என்று பயம் இல்லை, ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது வயிற்றைப் பிசைகிறது என்றாள்.

உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வன்முறைக்கு ஆளான பெண்களைக் கவனிப்பது பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. சுகாதாரப் பணியாளர்களுக்கானது என்றாலும் வீட்டு மனிதர்களுக்கும் பொருந்தும். குறுக்கே பேசாமல் கேள். அவளுக்கு இப்போது என்ன தேவை என்று விசாரி. அவள் சொல்வதை நம்புகிறாய், பழி அவள் மேல் இல்லை என்பதை அவளுக்குத் தெரியப்படுத்து. அவளுடைய பாதுகாப்பை அவளோடு சேர்ந்து யோசி. வேண்டிய உதவிகளோடு அவளை இணைத்துவிடு. இவ்வளவுதான் சாரம். இதில் எங்கும் "என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்" என்று இல்லை.

நம்புவது என்றால் ஆதாரம் கேட்காமல் நம்புவது. "அவரு அப்படியெல்லாம் செய்யற ஆளாத் தெரியலையே" என்ற ஒரு வாக்கியம் போதும், அவள் வாய் மூடிவிடும். வெளியில் எல்லோரிடமும் பணிவாகப் பழகும் மனிதர்தான் என் தங்கையின் கணவர். எனக்கும் அப்படித்தான் தெரிந்தார். வெளியே தெரிகிற குணத்தை வைத்து உள்ளே நடப்பதை மறுக்க முடியாது. அதே போல, அவரைத் திட்டித் தீர்ப்பதும் உதவாது. இன்று அவள் அவர் மேல் கோபமாக இருப்பாள், நாளை அவரோடு சிரித்துச் சாப்பிடுவாள். நான் அவரை ராட்சசன் என்று சொல்லிவிட்டால், சமாதானம் ஆன பிறகு என் முகத்தில் எப்படி விழிப்பாள்? அடுத்த முறை பிரச்சினை வரும்போது என்னிடம் வரவே கூச்சப்படுவாள். அதனால் அவர் செய்ததைப் பற்றிப் பேசினேன், அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றிப் பேசவில்லை. "மாத்திரையை எடுத்து எறிஞ்சது சரியில்ல. அது உன் உடம்பு சம்பந்தப்பட்டது." இதற்கு மேல் போகவில்லை.

அவரிடம் நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று வீட்டில் யாருக்காவது தோன்றும். அண்ணன், தம்பி, அப்பாக்களுக்கு முதலில் தோன்றுவதே அதுதான். அவள் கேட்காமல் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேசிவிட்டு நாம் நம் வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்தப் பேச்சின் விலையை அன்றிரவு அவள் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அதோடு போனும் போய்விடும், வெளியே வருவதும் நின்றுவிடும்.

போன் என்பது தனிப் பிரச்சினை. யாருடைய கை எட்டும் இடத்தில் அது இருக்கிறது என்று தெரியாமல் எதையும் எழுதி அனுப்பக் கூடாது. கருத்தடை, மருத்துவர், உதவி எண் என்று எதையும் நான் வாட்ஸ்அப்பில் எழுதியதில்லை. அவளும் நானும் ஒரு சாதாரண வாக்கியத்தை வைத்துக்கொண்டோம். அது வந்தால் அவளுக்குப் பேச வேண்டும், ஆனால் இப்போது முடியாது என்று அர்த்தம். தேடியவை, இருப்பிடப் பகிர்வு, மாதவிடாய்க் கணக்கு வைக்கும் செயலி, மருத்துவமனையிலிருந்து தானாக வரும் குறுஞ்செய்தி, மருந்துக்கடை ரசீது, காப்பீட்டு அறிக்கை, இரண்டு பேருக்கும் பொதுவான மின்னஞ்சல் என்று எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள் நிறைய. அவர் பார்க்கும் செயலியைத் திடீரென்று நீக்குவதும் சந்தேகத்தைக் கிளப்பும். அவள் அதை அப்படியே விட்டுவிட்டு, தேட வேண்டியதை என் போனில் தேடினாள். அந்த யோசனையும் அவளுடையதுதான். அந்த வீட்டில் எது ஆபத்து என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மருத்துவரிடம் போகும்போது முக்கியமானது தனிமை. உள்ளே அவளோடு துணைவர் இருந்தால் உண்மை வெளியே வராது. பல மருத்துவமனைகளில் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், பரிசோதனை என்று சொல்லிக் கூட வந்தவரை வெளியே உட்கார வைப்பார்கள். என் தங்கை என்னோடு வந்தபோது நானும் வெளியேதான் உட்கார்ந்தேன். அவள் "நீ வா அக்கா" என்று கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். கூப்பிடவில்லை. உள்ளே என்ன பேசினாள் என்பதில் பாதிதான் எனக்குத் தெரியும். மீதி அவளோடு இருக்கட்டும்.

வழிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த நிலையில் இருப்பவளுக்கு எந்தக் கருத்தடை பொருந்தும் என்ற கேள்வி மற்றவர்களுக்கானது போல் இல்லை. மாத்திரையை எண்ண முடியும், ஒளிக்க முடியும். ஆணுறை முழுக்க அவர் கையில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி வீட்டில் எந்தத் தடயத்தையும் விடாது என்பது உண்மைதான். ஆனால் அது மாதவிடாயை ஒழுங்கற்றதாக்கும், சிலருக்கு நின்றே போகும். தேதிகளைக் கணக்கு வைக்கும் கணவருக்கு அதுவே காட்டிக் கொடுத்துவிடும். கையில் தோலுக்கு அடியில் வைக்கும் குச்சி பல ஆண்டுகள் வேலை செய்யும். ஆனால் தடவினால் விரலில் தட்டுப்படும். காப்பர் டி-யில் ஹார்மோன் இல்லை, அதனால் மாதச் சுழற்சியை அது நிறுத்தாது. உதிரப்போக்கும் வலியும் கூடலாம். 10 ஆண்டு வரை வேலை செய்யும் வகைகள் உண்டு. அதன் நூல் கையில் தட்டுப்படாதபடி கருப்பை வாய்க்குள்ளேயே வெட்டிவிடச் சொல்லிக் கேட்கலாம். பின்னால் எடுக்கும்போது மருத்துவருக்குக் கொஞ்சம் சிரமமாகும், அவ்வளவுதான். எது யாருடைய உடம்புக்கு ஒத்துவரும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். எது அவள் வீட்டுக்கு ஒத்துவரும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அவசர கருத்தடையையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரையைப் பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். யூலிபிரிஸ்டல் என்ற மாத்திரை 120 மணி நேரம் வரை. ஐந்து நாளுக்குள் காப்பர் டி வைப்பதுதான் இவற்றில் மிக உறுதியானது, 99 சதவீதத்துக்கும் மேல் பலன் தரும். இவை ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தைக் கலைப்பதில்லை. மாத்திரையைப் பெட்டியிலிருந்து எடுத்து, பெயர் போடாத உறையில் வைத்துக் கொடுக்கலாம் என்று மருத்துவர்களே சொல்வதுண்டு. என் வீட்டில் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வேண்டுமா என்று நானாகக் கேட்டதில்லை. இவை எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது என்பதால், அதற்கான பரிசோதனையையும் சேர்த்தே கேட்பது நல்லது.

"கணவரிடம் மறைத்து இதையெல்லாம் செய்வது சரியா?" என்று எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் கேட்டார். கேட்டவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அவள் மறைக்க ஆரம்பித்ததற்கு முன்னால் வெளிப்படையாகச் சொல்லிப் பார்த்தாள். சொன்னதற்குக் கிடைத்தது காணாமல் போன மாத்திரை. உண்மை பேசினால் ஆபத்து என்ற நிலையை அவர் உண்டாக்கிவிட்டு, அவளிடம் உண்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்காக 1979-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, எத்தனை பிள்ளைகள், எவ்வளவு இடைவெளியில் என்பதைச் சுதந்திரமாக முடிவு செய்யும் உரிமை ஆணைப் போலவே பெண்ணுக்கும் உண்டு என்கிறது. நீதிமன்றங்களும் மெல்ல அந்தப் பக்கம் நகர்கின்றன. ஆணுறையில் துளையிட்டுக் காதலியைக் கர்ப்பமாக்கிய ஒருவர் பாலியல் தாக்குதல் குற்றவாளி என்ற தீர்ப்பை 2014-இல் கனடா உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆணுறை இருந்தால் மட்டும் என்று சொன்ன சம்மதம், ஆணுறை இல்லாத உறவுக்கான சம்மதம் ஆகாது என்று அதே நீதிமன்றம் 2022-இல் சொன்னது. எல்லா நாட்டுச் சட்டமும் இப்படி இல்லை. திருமணத்துக்குள் நடப்பதைக் கண்டுகொள்ளாத சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. வழக்குப் போடுவதைப் பற்றி யோசித்தால், அந்தந்த நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் முதலில் கேட்டுக்கொள்வது அவசியம்.

இவ்வளவு வழிகளைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே என் தங்கை கர்ப்பமாகிவிட்டாள்.

அந்த நாட்களைப் பற்றி அவள் அனுமதித்த அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். அவளுக்கு முன்னால் என்ன வழிகள் இருந்தன என்பதை மருத்துவர் தனியாக விளக்கினார். எனக்கு ஒரு விருப்பம் இருந்தது. இங்கேயும் அதைச் சொல்லப் போவதில்லை, அன்றும் அவளிடம் சொல்லவில்லை. "நீ என்ன நினைக்கற அக்கா?" என்று அவள் கேட்டபோது, "நீ எதை முடிவு பண்ணினாலும் கூட இருப்பேன், அதுல மாத்தமே இல்ல. உனக்கு முடிவு பண்ண இன்னும் என்ன தெரியணும் சொல்லு, அதைக் கண்டுபிடிக்கலாம்" என்றேன். வழுக்கலாகப் பதில் சொல்கிறேன் என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்குச் சம்மதம். அவள் வயிற்றைப் பற்றி ஏற்கெனவே ஒருவர் முடிவெடுத்தாயிற்று. இரண்டாவதாக நானும் எடுக்க வேண்டியதில்லை. யோசித்து, அழுது, பிறகு பெற்றுக்கொள்வது என்று தீர்மானித்தாள். "அவர் கேட்டதுக்காக இல்ல. இது எனக்கு வேணும்" என்றாள். கட்டாயத்தில் உண்டான கர்ப்பத்தை ஒரு பெண் விரும்பவும் முடியும். அப்படி விரும்புவதால் நடந்தது கட்டாயம் இல்லை என்று ஆகிவிடாது. இன்னொரு பெண் அதே இடத்தில் நின்று வேறு முடிவு எடுக்கலாம். அவளுக்கும் அதே அளவு துணை வேண்டும், பாதுகாப்பான மருத்துவ வசதியும் வேண்டும்.

கர்ப்ப காலத்தில் வன்முறை புதிதாகத் தொடங்குவதும், இருப்பது கூடுவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு சந்திப்பிலும் சில கேள்விகளைத் தவறாமல் கேட்டேன். கழுத்தைப் பிடித்தாரா? கொன்றுவிடுவேன் என்றாரா? வீட்டில் ஆயுதம் எதுவும் இருக்கிறதா? கழுத்தை நெரிப்பது, ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும், உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதற்கான மிகத் தீவிரமான அறிகுறி. அவள் எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றே குடும்ப வன்முறை உதவி எண்ணை அழைத்திருப்போம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அவள் முடிவுக்காகக் காத்திராமல் நானே அவசர உதவியை அழைப்பேன் என்றும் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். இந்த ஒரு விதிவிலக்கை அவளும் ஒப்புக்கொண்டாள். முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்டதால் அதில் மறைவு இல்லை.

மகப்பேறு பரிசோதனைகள் எங்களுக்கு நல்ல வாய்ப்பாக அமைந்தன. அடிக்கடி போக வேண்டியிருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவற்றில் ஒன்றில்தான் அவள் நர்ஸிடம் தனியாகப் பேசி, பிரசவம் ஆனவுடனே காப்பர் டி வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தாள். நஞ்சுக்கொடி வந்த 10 நிமிடத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குள் அதை வைக்க முடியும். மற்ற நேரத்தில் வைப்பதைவிட நழுவி வெளியே வந்துவிடும் வாய்ப்பு அதிகம், அதனால் சில வாரம் கழித்துப் பரிசோதிக்க வேண்டும். நூலும் மெதுவாகக் கீழே இறங்கும் என்பதால் அப்போதே வெட்டிக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்குப் பிரசவமான நான்கு வாரத்திலேயே, மாதவிடாய் திரும்பும் முன்பே, கரு முட்டை வெளிப்பட முடியும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையில் குறைந்தது 24 மாதம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அவள் கணவரோ முதல் குழந்தை பிறக்கும் முன்பே இரண்டாவதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் டிஸ்சார்ஜ் தாளில் காப்பர் டி பற்றி எழுதிவிடுவார்களே என்று யோசித்தவளும் அவள்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. மருத்துவரிடம் கேட்டாள். மருத்துவமனைக் கோப்பில் மட்டும் பதிவு செய்துவிட்டு, கையில் கொடுத்த தாளில் அதை எழுதாமல் விட்டார்கள்.

"ஏன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாள்?" என்று சிலர் கேட்கிறார்கள். பிரிந்து போகும் நேரம்தான் பல பெண்களுக்கு மிக ஆபத்தான நேரம். பணம், குழந்தை, வேலை, இருக்க இடம் எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன. அவர் மேல் இருக்கும் அன்பும் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. அவள் கேட்டுக்கொண்டதால், அடையாள ஆவணங்களின் நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், மருத்துவத் தாள்கள், கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் என்னிடம் வைத்திருக்கிறேன். உதவி எண்களை அழைத்து நானும் பேசியிருக்கிறேன். பாதிக்கப்பட்டவர் மட்டும்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, கூட இருப்பவர்களும் அழைத்து யோசனை கேட்கலாம். அவள் ரகசியத்தை வேறு யாரிடமும் சொல்ல முடியாத எனக்கு, பெயர் சொல்லாமல் பேச அப்படி ஓர் இடம் இருந்தது பெரிய ஆறுதல்.

அண்மையில் அவர் தம்பதியாகச் சேர்ந்து ஆலோசனைக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் சொன்னாள். ஒருவர் மற்றவரைக் கட்டுப்படுத்தும் உறவில் இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசுவது பாதுகாப்பில்லை, அங்கே அவள் சொன்னதற்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டி வரலாம், முதலில் இரண்டு பேரும் தனித்தனி ஆலோசகரைப் பார்ப்பதே நல்லது என்று பல வல்லுநர்கள் எச்சரிப்பதை மட்டும் சொன்னேன். யோசிக்கிறேன் என்றாள். இன்னும் முடிவு செய்யவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டாள். அடுத்த பரிசோதனைக்கு என்னைக் கூட வரச் சொல்லவில்லை. அன்று மதியம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். முடியும் என்று சொல்லியிருக்கிறேன்.